மலைப்பாதைப் பயிற்சி: ஆறு மணி நேரம்

சங்கர்,

உன் டிரைவிங் ஸ்கூல் சுவரில் மாட்டியிருந்த என் படத்தை முந்தாநாள் கழற்றிக்கொண்டு போனது நான்தான். ஆபீசில் இருக்கும் பெண் தடுத்துப் பார்த்தாள். சார் வரட்டும், கேட்டுவிட்டு எடுங்கள் என்றாள். சாரைப் பெற்றவனே நான்தான் என்று சொல்லிவிட்டு, ஸ்டூலைப் போட்டு ஏறி எடுத்துவிட்டேன். அன்று சாயங்காலம் நீ உன் அம்மாவுக்குப் போன் செய்து, அப்பாவுக்கு வயதாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது, ஒரு டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று சொன்னாயாம். என்னிடம் பேசவில்லை. விபத்து நடந்த பிறகு மூன்று தடவை இலத்தூரிலிருந்து பஸ் ஏறி உன்னிடம் பேச வந்தேன். மூன்று தடவையும் போன் வருகிறது என்று எழுந்து வெளியே போய்விட்டாய். அதனால் எழுதுகிறேன். படிக்காமல் எழுந்து போனாலும் இந்தக் காகிதம் உன் மேஜை மேலேயே கிடக்கும். இதை ஒளித்து வைக்கவும் வேண்டாம். உன்னிடம் வண்டி படிக்க வருகிறவர்கள் யார் கேட்டாலும் படிக்கக் கொடு. அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். கோபமாகத்தான் எழுதுகிறேன். எழுதி முடிப்பதற்குள் ஆறிவிடும் என்று நினைக்காதே, எட்டு நாளாக ஆறவில்லை.

மாரிச்செல்வி உன்னிடம் நான்கு மாதம் வண்டி படித்தவள். வடகரைக்காரி, இருபத்தேழு வயது. புருஷன் செங்கோட்டையில் லோடு மேன். ஒரு தனியார் பள்ளிக்கூட வேனில் ஆயாவாகப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தவள், டிரைவர் ஓட்டுவதைப் பார்த்துப் பார்த்து, நாமும் ஓட்டினால் என்ன என்று ஆசைப்பட்டு உன்னிடம் வந்தாள். லைசென்ஸ் வாங்கியதும் அதே பள்ளிக்கூடம் அவளிடமே வேனைக் கொடுத்தது. ஒரு வருடமாக வடகரைக்கும் செங்கோட்டைக்கும் நடுவில், வயலும் தென்னந்தோப்புமாகக் கிடக்கும் அந்தச் சமதளத்து ரோட்டில், ஒரு கீறல் விழாமல் ஓட்டினாள். இதெல்லாம் உனக்கும் தெரியும். போன வாரம் சனிக்கிழமை அந்தப் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் பதினொரு பேரை ஏற்றிக்கொண்டு தென்மலைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, கோட்டைவாசல் தாண்டிப் புளியரைக்கு இறங்கும் மலைப்பாதையில் பிரேக் பிடிக்கவில்லை. சாரல் வேறு. எதிரே காய்கறி லாரி ஒன்று ஏறி வந்துகொண்டிருந்தது. அவள் வேனை மலைப்பக்கமாகத் திருப்பி மோதினாள். ஒரு டீச்சருக்குக் கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. இன்னும் நாலைந்து பேருக்குத் தலையிலும் முகத்திலும் தையல். மாரிச்செல்விக்கு வலது கை மணிக்கட்டு நொறுங்கி, முன்பற்கள் இரண்டு போய்விட்டன. யாரும் சாகவில்லை.

தென்காசியில் அவர்களைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரி வாசலில், அந்த டீச்சர்களின் வீட்டுக்காரர்களும் ஒரு பத்திரிகைக்காரரும் உன்னைச் சுற்றி நின்றார்கள். நீ பேசினாய். உனக்குப் பின்னால் பத்தடி தள்ளி நான் நின்றது உனக்குத் தெரியாது. நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இல்லை என்று சொல்லிவிடாதே. "எங்க ட்ரெய்னிங்ல ஒரு குறையும் கெடையாது. மலைப்பாதைக்கே ஆறு மணி நேரம் கூட்டிட்டுப் போயிருக்கோம், ரிஜிஸ்டர்ல இருக்கு. ஆபத்து நேரத்துல நெஞ்சுல துணிச்சல் வேணும். அது பொறப்புலயே வரணும், கத்துக்குடுத்து வராது. எங்கப்பா இதே எறக்கத்துல அம்பது பேரக் காப்பாத்துனவரு. அவருக்கு யாரு ட்ரெய்னிங் குடுத்தா?" கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். உள்ளே கட்டிலில் கிடந்தவள் ஒரு பயந்தாங்கொள்ளி என்று அந்த ஒரு நிமிடத்தில் முடிவாகிவிட்டது. அதற்கு நீ என்னைச் சாட்சியாக இழுத்தாய்.

எனக்கு யார் ட்ரெய்னிங் கொடுத்தார்கள் என்று கேட்டாய் அல்லவா, பதில் சொல்கிறேன். முப்பத்தொரு வருடமாக உன்னிடம் சொல்லாதது. உன் அம்மாவிடமும் சொல்லாதது.

அப்போது எனக்கு முப்பத்தேழு வயது. கேரளா ரூட் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். புனலூரிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தோம். கண்டக்டர் சுடலைமுத்து. நம் வீட்டுக்குத் தீபாவளிக்குத் தீபாவளி வருவானே, என்னைவிட நாலு வயது இளையவன், உனக்குப் பம்பரம் வாங்கிக் கொடுத்தவன், அவன்தான். கோட்டைவாசல் தாண்டி இரண்டாவது வளைவில் பிரேக்கை மிதித்தேன், கால் சும்மா உள்ளே போனது. பிரேக்குக்குக் காற்று போகும் குழாய் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. நீ சின்ன வயதிலிருந்து கேட்ட கதையில் இந்த இடத்தில் நான் நிதானமாகக் கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, பஸ்ஸை மலையோடு உரசி நிறுத்துவேன். உண்மையில் நடந்தது வேறு. எனக்குக் காது அடைத்துவிட்டது. பின்னால் ஐம்பது பேர் கத்தியிருக்கிறார்கள், எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் ஒட்டிக்கொண்டன. வலது காலால் பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்த்தேன். இடது காலால் கிளட்ச்சைத் தரையோடு அழுத்திக்கொண்டேன். சமதளத்தில் வண்டியை நிறுத்தும்போது இரண்டையும் சேர்த்து மிதித்து மிதித்துப் பழகிய கால். இறக்கத்தில் கிளட்ச்சை அழுத்தினால் என்ன ஆகும் என்று உன்னிடம் படிக்கிற பிள்ளைகளுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன். கியரில் இருக்கும் வண்டியை இன்ஜின் பிடித்து வைத்திருக்கும். பிரேக் இல்லாவிட்டாலும் அந்தப் பிடி இருக்கும். கிளட்ச்சை அழுத்தினால் அதுவும் விட்டுப்போகும். எனக்கு மிச்சமிருந்த ஒரே பிடியை நானே என் காலால் அறுத்துவிட்டேன். பஸ் பறந்தது.

சுடலைமுத்து பின்படியிலிருந்து ஆட்களைத் தள்ளிக்கொண்டு முன்னால் ஓடி வந்தான். "கால எடும்வே" என்றான். எனக்குக் கேட்கவில்லை. குனிந்து என் இடது முழங்காலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து எறிந்தான். இன்ஜின் அலறியது. பஸ் குலுங்கி வேகம் குறைந்தது. ஹேண்ட் பிரேக்கை அவன்தான் இழுத்தான், விட்டு விட்டு, நாலு ஐந்து தடவை. அதற்குப் பிறகுதான் அவன் குரலே எனக்குக் கேட்டது. "மலையில சாத்தும் அண்ணாச்சி, மெதுவா, மெதுவா" என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் செய்தது அந்தக் கடைசி வேலை மட்டும். ஸ்டீயரிங்கைத் திருப்பினேன். ஜன்னல் கண்ணாடிகள் உடைந்தன, ஒருவருக்குக்கூட ரத்தக்காயம் இல்லை.

புளியரைக்கு நடந்து இறங்கி டீக்கடையில் உட்கார்ந்தோம்.  உனக்கு எப்படியப்பா இவ்வளவு தைரியம் என்று கேட்டேன். அவன் சிரித்தான். "எனக்குப் பயம் இல்லன்னா நெனைக்கீரு? பேன்ட்டத் தொட்டுப் பாரும், நனஞ்சு கெடக்கு. ஆனா காலுக்கும் கைக்கும் தெரிஞ்சிருந்துச்சு அண்ணாச்சி, அதுபாட்டுக்குச் செஞ்சுட்டு." கண்டக்டர் வேலைக்கு வருவதற்கு முன்னால் அவன் ஐந்து வருடம் லாரியில் கிளீனராக இருந்தவன். அந்த லாரி டிரைவர் ஒவ்வொரு நடையிலும் ஒவ்வொரு வளைவிலும், பிரேக் போச்சு, இப்போ என்ன செய்வே என்று கேட்பாராம். இவன் வாயால் சொல்லி, கையால் தொட்டுக் காட்ட வேண்டும். மறந்தால் லாரியை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பக் கேட்பாராம். ஐந்து வருடத்தில் எத்தனை நூறு தடவை சொல்லியிருப்பான் என்று கணக்கில்லை. அவனுக்குப் பிறப்பிலேயே எதுவும் வரவில்லை. திரும்பத் திரும்பச் செய்து வந்தது.

கண்டக்டர் ஹேண்ட் பிரேக்கைத் தொட்டது தெரிந்தால் விசாரணை வரும், நீங்கள் கிளட்ச்சை அழுத்தியது தெரிந்தால் மெமோ வரும், நீங்களே நிறுத்தினதாக இருக்கட்டும் என்று அவன்தான் சொன்னான். நான் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. டிப்போவில் மாலை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள், அவன் கடைசி வரிசையில் நின்று கை தட்டினான். அந்தப் போட்டோவைத்தான் நீ பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, உன் சுவரில் மாட்டியிருந்தாய். ஆறு வருடத்துக்கு முன் சுடலைமுத்து செத்துப்போனான். சுடுகாட்டில்கூட யாரோ அந்தக் கதையை எடுத்து, அண்ணாச்சி அன்றைக்கு நிறுத்தாவிட்டால் சுடலை அன்றே போயிருப்பான் என்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். இதை எழுதும்போது என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

அந்தப் பொய்யை நான் உனக்குச் சோறு மாதிரி ஊட்டினேன். உனக்கு அப்போது ஏழு வயது. ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் பஸ் கதை சொல்லுங்கள் என்பாய். ஒவ்வொரு தடவையும் நான் கொஞ்சம் கூடுதல் துணிச்சல்காரனாக ஆனேன். பத்தொன்பது வயதில் உனக்கு வண்டி சொல்லிக்கொடுக்கும்போது என்ன செய்தேன் என்று நினைவிருக்கிறதா? நினைவில்லாமல் எப்படி இருக்கும். குற்றாலத்தில் சீசன் நேரம். ஐந்தருவிக்குப் போகும் வழியில் ஒரு மேட்டில், முன்னால் போன வேன் நின்றதால் நீயும் நிறுத்தினாய். திரும்ப எடுக்கும்போது வண்டி அணைந்து பின்னால் உருண்டது. பின்னால் ஒரு கார், அதற்குப் பின்னால் பத்துப் பதினைந்து. உன் உதடு வெளுத்துப்போனது. என்னைப் பார்த்து, அப்பா, கை வரவில்லை என்றாய். நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு உன் கன்னத்தில் அறைந்தேன். எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். "பயப்படுதவனுக்கு ஸ்டீயரிங் எதுக்குலே, எறங்கு" என்றேன். நீ இறங்கி, தலையைக் குனிந்துகொண்டு, ரோட்டோரமாக நடந்து போனாய். கிளட்ச்சில் கால் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவன், தன் மகனை நடுரோட்டில் இறக்கிவிட்டு, துணிச்சலைப் பற்றிப் பாடம் நடத்தினான்.

இவ்வளவு நாள் நான் இதைச் சொல்லாமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்கத்தான் எழுதுகிறேன் என்று நினைத்தால், அது கால்வாசிதான். முக்கால்வாசி உன் மேல் கோபம். அதற்கு வருகிறேன்.

ஆஸ்பத்திரியில் மாரிச்செல்வியைப் போய்ப் பார்த்தேன். நீ இன்னும் போகவில்லை என்று அவள் புருஷன் சொன்னான். கையில் கட்டு, வாய் வீங்கிக் கிடந்தது. பேசினால் வலிக்கும் என்று நான் பேசவிடவில்லை, ஆனால் அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. தென்மலைக்குப் போகச் சொன்னபோது, நான் மலையில் ஓட்டியதில்லை, வேறு டிரைவரைப் போடுங்கள் என்று அவள் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறாள். அவர்கள் ஃபைலை எடுத்து உன் சர்டிபிகேட்டைக் காட்டியிருக்கிறார்கள். மலைப்பாதைப் பயிற்சி ஆறு மணி நேரம் என்று அதில் எழுதியிருக்கிறதே, பிறகு என்ன பயம் என்று கேட்டிருக்கிறார்கள். அன்றைக்கு வேறு டிரைவர் இல்லை, வேலையும் போய்விடக் கூடாது, அதனால் போயிருக்கிறாள். ஏறும்போது சிரமமில்லை. இறங்கும்போது நாலாவது கியரிலேயே வந்திருக்கிறாள், மேலிருந்து பிரேக்கில் வைத்த காலை எடுக்கவே இல்லை. ஏதோ தீய்ந்த வாடை அடித்திருக்கிறது. அது தன் வண்டியின் பிரேக்தான் என்று அவளுக்குத் தெரியவில்லை, வெளியே யாரோ டயரைக் கொளுத்துகிறார்கள் என்று நினைத்திருக்கிறாள். பிறகு பிரேக் மெத்தென்று உள்ளே போனது. அப்போது என்ன செய்தாய் என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரியும். கிளட்ச்சை அழுத்தினேன் அய்யா, என்றாள்.

என்னுடைய அதே கால், அதே தப்பு. ஆனால் அவள் பக்கத்தில் சுடலைமுத்து இல்லை. முழங்காலைப் பிடித்து இழுக்க ஆள் இல்லை. அப்படியும் அவள் லாரியை விட்டு விலகி, பள்ளத்தை விட்டு விலகி, மலையைப் பார்த்துத் திருப்பினாள். மோதும் என்று தெரிந்தே திருப்பினாள். நான் ஐம்பது பேரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன், எனக்கு மாலை. அவளுக்கு உன் வாயால் பயந்தாங்கொள்ளிப் பட்டம்.

அவளிடம் என் கதையைச் சொன்னேன். சங்கர், முதன்முதலாக அவளிடம்தான் சொன்னேன்.  பிறகு, "கிளட்ச்ச விட்டு ரெண்டாவது கியருக்குப் போயிருந்தா நின்னுருக்குமாய்யா?" என்று கேட்டாள். நின்றிருக்கும், அல்லது நிற்கிற அளவுக்கு மெதுவாக வந்திருக்கும் என்றேன். அவள் கட்டுப் போடாத கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இத என்கிட்ட யாரும் ஒரு வார்த்த சொல்லலயே. நாலு மாசம் வந்தேனே. சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?"

பதில் சொல்லு. எவ்வளவு நேரம் ஆகும்?

சங்கர் உன்னை மலைப்பாதைக்கு அழைத்துப் போனானா என்று கேட்டேன். மைதானத்தில் எட்டுப் போட்டதும், ரிவர்ஸ் எடுத்ததும், குத்துக்கல்வலசை வரைக்கும் சமதளத்து ரோட்டில் போய்வந்ததும்தான் என்றாள். கடைசி நாளில் ரிஜிஸ்டரில் நாலைந்து இடத்தில் கையெழுத்து வாங்கினார்களாம். எதற்கு என்று கேட்டதற்கு, எல்லாரும் போடுகிறதுதான் என்றார்களாம். நான் நேராக உன் ஆபீசுக்குத்தான் வந்தேன். படத்தை எடுத்தது எல்லாருக்கும் தெரிந்தது. அதற்கு முன்னால் ரிஜிஸ்டரை எடுத்துப் பார்த்தது ஆபீஸ் பெண்ணுக்கு மட்டும்தான் தெரியும். மாரிச்செல்விக்கு மலைப்பாதைப் பயிற்சி இரண்டு நாள், மூன்று மூன்று மணி நேரம் என்று இருந்தது. கீழே உன் கையெழுத்து. முதல் தேதி எந்தத் தேதி தெரியுமா? நம் ஊர் சாஸ்தா கோயிலில் உன் மகளுக்குக் காதுகுத்து நடந்த நாள். அன்றைக்குக் காலையிலிருந்து சாயங்காலம் வரை உன் பயிற்சி வேன் நம் சொந்தக்காரர்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. முன்சீட்டில் நான் உட்கார்ந்திருந்தேன், மடியில் உன் மகள். இரண்டாவது தேதி சீசன் உச்சத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சீசனில் ஞாயிற்றுக்கிழமை உன் வேன் எங்கே ஓடும் என்று தென்காசியில் எல்லாருக்கும் தெரியும், மெயினருவிக்கும் ஐந்தருவிக்கும் டூரிஸ்ட்டுகளை ஏற்றி டிரிப் அடித்துக்கொண்டிருக்கும். அதே பக்கத்தில் இன்னும் ஒன்பது பேருக்கு அதே இரண்டு தேதி, அதே கையெழுத்து. அந்த ஒன்பது பேரும் இப்போது எங்கேயோ வேனும் லாரியும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். யாருடைய பிள்ளைகளையோ ஏற்றிக்கொண்டு ஒரு நாள் மலை இறங்குவார்கள். அதை நினைத்தால் உனக்குத் தூக்கம் வருகிறதா?

சோம்பலால்தான் செய்தாய், சீசன் வாடகைக்கு ஆசைப்பட்டுத்தான் செய்தாய் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து கத்தினேன். உன் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே நின்றாள். "அவனுக்கு அந்த ரோட்டுல கை நடுங்கும். ஒங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்" என்றாள். இருபத்திரண்டு வயதில் நீ ஒரு தடவை யாருக்கும் தெரியாமல், மலை ஏறி ஆரியங்காவு வரை ஓட்டிப் பார்க்கிறேன் என்று கிளம்பியிருக்கிறாய். முதல் வளைவிலேயே வண்டியை நிறுத்தி, இறங்கி, வாந்தி எடுத்து, அங்கே இருந்த ஒரு லாரிக்காரரைக் கெஞ்சி வண்டியைக் கீழே கொண்டு வரச் சொல்லியிருக்கிறாய். அவளிடம் வந்து அழுதாயாம். அப்பாவிடம் சொல்லாதே என்று சத்தியம் வாங்கினாயாம். அதே மலையைத் தாண்டிக் கொல்லத்தில் கல்யாணம் வந்தபோது காரை வீட்டில் வைத்துவிட்டு எல்லாரையும் ரயிலில் கூட்டிப் போனாயே, அப்போது நான் ஏன் என்று கேட்கவில்லை. "முப்பத்தெட்டு வயசாகுது, இன்னும் ஒங்க அடிக்குப் பயப்படுதான்" என்று உன் அம்மா சொன்னாள். அவள் இவ்வளவு வருடத்தில் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

அன்றைக்கு முழுக்க நான் சாப்பிடவில்லை. உன் மேல் இருந்த கோபம் திரும்பி என் மேல் வந்து விழுந்தது. நடுங்குகிற கையை நீ ஒளித்துக்கொள்ளக் காரணம் நான். துணிச்சல் பிறப்பிலேயே வரும் என்று ஊருக்கெல்லாம் நீ சொல்வதற்குக் காரணமும் நான். உனக்கு வரவில்லை, எனக்கு வந்தது என்று நினைத்துக்கொண்டே இத்தனை வருடம் என் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்திருக்கிறாய். எனக்கும் வரவில்லை, சங்கர். சுடலைமுத்துவுக்கும் வரவில்லை. அந்த டீக்கடைப் பேச்சுக்குப் பிறகு ஒரு வருடம், அந்த இறக்கத்தில் இறங்கும்போதெல்லாம் அவன் என் சீட்டுக்குப் பின்னால் வந்து நின்று, பயணிகளுக்குக் கேட்காத குரலில், பிரேக் இல்ல அண்ணாச்சி, என்ன செய்வீரு என்று கேட்பான். நான் முணுமுணுப்பேன். முதல் மாதம் முழுக்க உளறினேன். பிறகுதான் என் காலுக்கும் தெரிந்தது. ரிட்டயர் ஆகும் வரைக்கும் எனக்கு அந்த வளைவில் பயப்படாத நாள் கிடையாது. பயந்துகொண்டே ஓட்டினேன். இதை உன்னிடம் பத்தொன்பது வயதில் சொல்லியிருந்தால் நீ வேறு ஆளாக இருந்திருப்பாய். சொல்லவில்லை, அறைந்தேன்.

ஆனால் இது உன் பொய்யைக் கழுவாது. உனக்குப் பயம் என்றால், மலையில் ஓட்டத் தெரிந்த ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்திருக்கலாம். அதுவும் முடியாது என்றால், மலைப்பாதைப் பயிற்சி கிடையாது என்று சர்டிபிகேட்டில் வெறுமையாக விட்டிருக்கலாம். விட்டிருந்தால் மாரிச்செல்வி அன்றைக்குப் போயிருக்க மாட்டாள். உன் பயத்தை மூட ஒரு பொய்க் கையெழுத்துப் போட்டாய். அந்தக் கையெழுத்தை நம்பி ஒருத்தி மலை ஏறினாள். அவள் அடிபட்டதும், அவளுக்குத்தான் பயம் என்று சொன்னாய். உன்னுடையதை எடுத்து அவள் தலையில் வைத்தாய். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இனிமேல் நீ இந்தத் தொழிலில் இருப்பதாக இருந்தால், வண்டி படிக்க வருகிறவர்களை மலைக்குக் கூட்டிப் போக வேண்டும். வெறும் வண்டியில், தெரிந்த ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. பிரேக் சூடானால் எப்படி நாறும் என்று இறக்கி விட்டு முகரச் செய்ய வேண்டும். இறங்கத் தொடங்கும் முன்பே கியரைக் குறைக்கப் பழக்க வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் கேட்க வேண்டும், அவர்கள் வாயால் சொல்லிக் கையால் தொட வேண்டும், சலித்துப்போகும்வரை. உதடு வெளுத்தால், கை வராவிட்டால், வண்டியை ஓரம் கட்டித் தண்ணீர் கொடு. எல்லாருக்கும் இப்படித்தான் ஆகும் என்று சொல். காது அடைக்கும், கால் ஒட்டிக்கொள்ளும் என்று முன்கூட்டியே சொல். எனக்கு அப்படி ஆனது என்று சொல். உனக்கு ஆனதையும் சொல். கத்தாதே. கத்தினால் யாரும் கற்றுக்கொள்வதில்லை, மறைக்கத்தான் கற்றுக்கொள்கிறார்கள். நம் வீட்டிலேயே பார்த்துவிட்டோம்.

ஸ்கூல் வாசல் போர்டில் இருக்கும் என் பெயரை எடுத்துவிடு. அதற்கு நான் ஸ்டூல் போட்டு ஏற முடியாது.

இன்றைக்குக் காலையில் நானும் உன் அம்மாவும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். விபத்தான வேனைப் பார்க்க வந்திருந்த பிரேக் இன்ஸ்பெக்டரும் அங்கே இருந்தார். ரிஜிஸ்டரில் இருக்கும் இரண்டு தேதியும் பொய், அதில் ஒரு நாள் நானே அந்த வேனில் இருந்தேன் என்று எழுதிக் கொடுத்தேன். காதுகுத்துப் போட்டோக்களை உன் அம்மா அவள் போனிலிருந்து எடுத்துக் காட்டினாள். முப்பத்தொரு வருடத்துக்கு முன் நடந்ததையும் எழுதினேன். அது இந்தக் கேசுக்கு வேண்டாம் பெரியவரே என்று அந்தப் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதனால்தான் அது இந்தக் கடிதத்தில் இருக்கிறது. "பெத்த மகனுக்கு எதிரா கையெழுத்துப் போடுதீங்க, நல்லா யோசிச்சிட்டீங்களா?" என்று எஸ்.ஐ. கேட்டார். உன் அம்மாவைப் பார்த்தேன். அவள் பேனாவை எடுத்து என் கையில் கொடுத்தாள். போட்டேன்.

உன் லைசென்ஸ் போகலாம். ஸ்கூலைப் பூட்டலாம். கேஸும் வரலாம். எல்லாம் தெரிந்துதான் போட்டேன். மாரிச்செல்வி மேல் போலீஸ் எழுதியிருக்கும் கவனக்குறைவு வழக்கு நிற்காமல் போக வேண்டும் என்றால், நான் சொன்னது மட்டும் போதாதாம். ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டவன் வந்து சொல்ல வேண்டுமாம். புதன்கிழமை பதினொரு மணிக்கு உன்னைக் கூப்பிடுவார்கள். வக்கீலிடம் கேட்டால், வாயைத் திறக்காதே, கிழவனுக்குப் புத்தி தடுமாற்றம் என்று சொல்லிவிடலாம் என்பார். அப்படிச் சொன்னாலும் சொல். நான் மறுத்துக்கொண்டிருக்க மாட்டேன், போலீஸ் சொல்கிற டாக்டரிடம் என்னைக் காட்டிக்கொள்கிறேன்.

ஆனால் உண்மையைச் சொல்ல வருவதாக இருந்தால், உனக்குக் கை நடுங்கும். வாந்தி வரும்போல இருக்கும். அது நின்ற பிறகு வரலாம் என்று காத்திருக்காதே, நிற்காது. பயத்தோடேயே வா.

உன் அப்பா